வாசலில் நின்ற கூழ்க்காரன்

பாரிக்கைப் பற்றி யாராவது கேட்டால் எங்கள் சபையில் இப்போது ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள்: விழுந்தவன், சமாதானம் பெறாமல் செத்தான். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மனுஷனைச் சொல்ல இவ்வளவுதானா? நான் அவருடைய கொழுந்தியாள், பெயர் ரோகாத்தா. என் புருஷன் கடலோடு போனபிறகு அக்கா நம்பூலாவின் வீட்டில்தான் இருக்கிறேன். சபை சோறு போடுகிற விதவைகளில் நானும் ஒருத்தி. விதவைகள் ஜெபம் பண்ண வேண்டும், ஊர்க்கதை பேசக் கூடாது என்று மூப்பர்கள் அடிக்கடி சொல்வார்கள். ஜெபம் பண்ணி முடித்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

பாரிக் துறைமுக வாசலில் கூழ் விற்றார். வாற்கோதுமைக் கூழில் வெந்த கொண்டைக்கடலையைப் போட்டு, ஆலிவ் எண்ணெயைச் சொட்டவிட்டு, சீரகத்தை உள்ளங்கையில் தேய்த்துத் தூவிக் கொடுப்பார். மூட்டை தூக்குகிறவர்கள், வலை இழுக்கிறவர்கள், கப்பலை விட்டு இறங்கிப் பாஷை தெரியாமல் விழிக்கிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் காலை ஆகாரம். மனுஷனுக்கு நாக்கு நீளம். கூழ் தண்ணீராக இருக்கிறதே என்று ஒரு மாலுமி முகம் சுளித்தால், "கடல்ல வந்தவனுக்குக் கெட்டியாக் குடுத்தா ஒத்துக்காதுப்பா" என்பார். சொல்லிக்கொண்டே இன்னொரு அகப்பை ஊற்றுவார். எல்லாரும் தின்றுவிட்டுப் போன பிறகு, பானையில் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுரண்டி எடுத்து, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து தனியாகத் தின்பார். வா, சேர்ந்து சாப்பிடலாம் என்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை. சோறு விற்கிறவனுக்கும் பசிக்கும் என்று யாருக்குத் தோன்றுகிறது?

அக்காவும் நானும்தான் முதலில் சபையில் சேர்ந்தோம். பாரிக் கேலி பண்ணிக்கொண்டிருந்தார். கிறிஸ்தவர்கள் கழுதைத் தலையுள்ள சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நாங்கள் திரும்பி வரும்போதெல்லாம் கழுதைக்குப் புல் வைத்தீர்களா என்று கேட்பார். ஒரு நாள், நாங்கள் அங்கே என்னதான் தின்கிறோம் என்று பார்க்கப் பின்னாலேயே வந்தார். கூழ்க்காரன் அல்லவா, எதையும் தீனியை வைத்துத்தான் அளப்பார். எங்கள் கூட்டம் எண்ணெய் வியாபாரி கெமெல்லுஸின் வீட்டில் நடக்கும். இன்னும் ஞானஸ்நானம் பெறாமல் கற்றுக்கொள்கிறவர்களை அப்பம் பிட்கும் முன்பே வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆனாலும் அவர் முற்றத்துத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னார்:

"ஒரே அப்பம், நம்பூலா. கெமெல்லுஸ் பொண்டாட்டிக்குப் பெருசு, மூட்டைக்காரனுக்குச் சின்னதுன்னு இல்ல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அவ வாங்கின அதே அளவுதான் அவனும் வாங்கினான்."

அதற்காகத்தான் அவர் கிறிஸ்தவரானார். மூப்பர்கள் ஆத்துமாவைப் பற்றி, நியாயத்தீர்ப்பைப் பற்றி எவ்வளவோ சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். உள்ளுக்குள் அவருக்கு வேண்டியிருந்தது அந்தப் பந்தி ஒன்றுதான். ஞானஸ்நானம் பெற்ற அன்று உள்ளங்கையில் அப்பத்தை வாங்கிக்கொண்டு, ஒரு பக்கம் செருப்புத் தைக்கிறவரும் இன்னொரு பக்கம் கெமெல்லுஸும் நிற்க, நடுவில் நின்று அவர் மென்றதை நான் பார்த்தேன். அந்த முகத்தை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் ஒரே ஒரு தடவைதான் கண்டேன்.

பிறகு புதுப் பேரரசர் ஒருவர் பட்டத்துக்கு வந்தார். தேசம் முழுக்க ஒவ்வொரு குடும்பமும் மேட்டுக் கோயிலுக்கு ஏறி, தேவர்களுக்குச் சாம்பிராணி போட்டு, படைத்த இறைச்சியில் ஒரு துண்டு தின்ன வேண்டும் என்று உத்தரவு. எங்கள் சபைத் தலைவரான ஆயர் யாரோ ஒருவருடைய தோட்டத்துக்குப் போய் ஒளிந்துகொண்டார். மந்தைக்காக மேய்ப்பன் உயிரோடு இருக்க வேண்டுமாம். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காயானுஸ் என்ற வாத்தியாரையும் இன்னும் சிலரையும் பிடித்து, நீதிமண்டபத்துக்கு அடியில் இருந்த நிலவறையில் போட்டார்கள். சாம்பிராணி போடும்வரை உள்ளே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். சிறையில் சோறு கிடையாது. வெளியிலிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு, இல்லையென்றால் பட்டினிதான். கொண்டுபோகிறவனையும் காவலர்கள் குறித்துவைத்துக்கொள்வார்கள். அதனால் சபையில் பெரிய பெரிய ஜெபம் பண்ணினவர்களெல்லாம் வீட்டுக்குள் இருந்தே ஜெபம் பண்ணினார்கள்.

கூழைக் கொண்டுபோனது பாரிக். காவலர்கள் அவரிடம் தின்று வளர்ந்தவர்கள், அதனால் கண்டும் காணாததுபோல் விட்டார்கள். தினமும் துறைமுகத்தில் விற்றுவிட்டு, இரண்டாவது பானையைத் தூக்கிக்கொண்டு போய், கம்பிப் பொந்து வழியாகக் கிண்ணம் கிண்ணமாக இறக்குவார். ஆரம்பத்தில் காயானுஸ் கூழில் உப்புப் போதவில்லை என்றாராம். அதை வீட்டில் வந்து சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். சிங்கத்திடம் போகப்போகிறவருக்கும் உப்புக் கணக்கு மறக்கவில்லை என்பார். மறுநாளிலிருந்து உப்பைக் கூட்டிப் போட்டார்.

அப்புறம் எங்கள் தெருவின் முறை வந்தது.

அன்று காலை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெறும் கையோடு போனார், மத்தியானம் வந்தார். வாசலில் நின்றபடியே கைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். அக்கா கேட்கும் முன் அவரே சொன்னார்.

"போட்டுட்டேன். ஊட்டுல யார் யாருன்னு கேட்டான், எல்லாருக்கும் சேத்து நானே போட்டுட்டேன்னு சொல்லிட்டேன். நீங்க ரெண்டு பேரும் போக வேண்டாம்."

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது, அதை மறைக்க நான் ஏன் முயல வேண்டும்? ஏன் அத்தான் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நானும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டால் அவர்களுக்கு நாளைக்குக் கூழ் யார் கொண்டுபோவது என்று கேட்டார். அவ்வளவுதான் அவருடைய வேதம். படைத்த இறைச்சியை வாயில் போட்டு, படி இறங்கினதும் துப்பிவிட்டாராம். துப்பினாலும் ருசி போகவில்லை என்றார். அன்று ராச்சாப்பாட்டை அவர் தொடவில்லை.

மறுநாள் பானையோடு போனவர், கிண்ணத்தை இறக்கும் முன்பே நடந்ததைப் பொந்து வழியாகச் சொன்னார். சொல்லிவிட்டேன், இனிச் சாப்பிடுவதும் சாப்பிடாததும் உங்கள் விருப்பம் என்றாராம். உள்ளே வெகுநேரம் குசுகுசுவென்று பேச்சு. விக்கிரகப் புகை பட்ட கையால் வந்த கூழைத் தொடலாமா கூடாதா என்று. கடைசியில் காயானுஸ் கிண்ணத்தின் மேல் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுக் குடித்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் குடித்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது பாரிக்கின் முகம் தெளிந்திருந்தது. "சாப்பிட்டாங்க நம்பூலா. என் கையால வாங்கிச் சாப்பிட்டாங்க" என்றார். இங்கேதான் அவர் தவறிவிட்டார். கூழ்க்காரனுடைய நியாயத்தில், உன் கையால் வாங்கித் தின்றவன் உன்னோடு ராசியாகிவிட்டான். அவர்கள் தன்னை மன்னித்துவிட்டார்கள் என்றே நினைத்தார். குளிர்காலம் முழுக்க, மழையில் நனைந்துகொண்டு, அந்த நினைப்போடுதான் பானையைச் சுமந்தார்.

பேரரசர் எங்கோ சண்டையில் செத்தார். உத்தரவும் அவரோடு செத்தது. காயானுஸும் மற்றவர்களும் வெளியே வந்தபோது ஊரே திரண்டு போய்ச் சங்கிலித் தழும்பை முத்தமிட்டது. பெண்கள் அவர்கள் மேலாடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நானும்தான். ஆயர் தோட்டத்திலிருந்து திரும்பினார், நன்றாகச் சதை போட்டிருந்தார். சாட்சி சொல்லிச் சங்கிலி சுமந்தவருக்குத் தலையில் கை வைத்துப் பட்டம் கொடுக்கத் தேவையில்லை, சங்கிலியே பட்டம் என்று சொல்லி, காயானுஸை மூப்பராக்கினார்.

அடுத்து, சாம்பிராணி போட்டு விசுவாசத்திலிருந்து விழுந்தவர்களின் விசாரணை. பாரிக் அதற்குக் கல்யாணத்துக்குப் போகிறவர்போல் துவைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு போனார். ஆயர் கேட்டார், இவர் சொன்னார். பக்கத்தில் காயானுஸ் உட்கார்ந்திருந்தார். பாரிக் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொன்னார்கள். காயானுஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்ப்பு இதுதான்: சாகும்வரை வாசலில் நிற்க வேண்டும். உள்ளே போகிறவர்களிடம் எனக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று கெஞ்ச வேண்டும். சாகிற நேரத்தில் மட்டும், மன்னித்துச் சபையோடு சேர்த்துக்கொள்ளும் சமாதானம் கொடுத்து அப்பம் தருவார்கள்.

கெமெல்லுஸின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவர் தன் மேலங்கியைத் தன் அடிமை வித்தாலிஸுக்குப் போட்டுவிட்டு, தன் பெயரைச் சொல்லச் சொல்லி, அவனை மேட்டுக் கோயிலுக்கு அனுப்பினார். விசாரணையில் கெமெல்லுஸின் கை சாம்பிராணியைத் தொடவில்லை என்று முடிவாயிற்று. கொஞ்ச நாள் உபவாசம், அப்புறம் உள்ளே. வீடே அவருடையது, அவரை எந்த வாசலில் நிறுத்துவது? வித்தாலிஸின் கை தொட்டது, ஆகவே வித்தாலிஸ் வாசலில். சனிக்கிழமை அந்த அறையைப் பெருக்கித் துடைத்துப் பாய் விரிக்கிறவன் அவன். மறுநாள் அந்தப் பாயில் எல்லாரும் நிற்க, அவன் பாரிக்கோடு வெளியே நின்றான்.

வருஷங்கள் ஓடின. ஆண்டவருடைய நாளாகிய ஞாயிறுதோறும் காலையில் பாரிக் அந்த வாசலில் நிற்பார். வெயிலில் நிற்பார், மழையில் நிற்பார். "எனக்காக வேண்டிக்குங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். தன் சொந்தப் பெண்டாட்டியிடமும் சொல்லியாக வேண்டும், என்னிடமும் சொல்லியாக வேண்டும். அக்கா அந்த இடத்துக்கு வந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். ஒரு முறை வீட்டில் உடைந்து அழுதுவிட்டாள். கார்த்தேஜில் சில மூப்பர்கள் விழுந்தவர்களுக்குச் சுலபமாகச் சமாதானம் கொடுக்கிறார்களாம், அங்கே போய்விடலாம் என்றாள். பாரிக் அசையவில்லை.

"அங்க போனா தெரியாதவங்களோட நின்னு திம்பேன். யாரோட தின்னணும்னு வந்தேனோ அவங்கல்லாம் இங்கதான இருக்காங்க" என்றார்.

ஓர் இலையுதிர்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது, ஆள் அடையாளம் தெரியவில்லை. இனித் தாங்காது என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். காயானுஸ் துணியில் சுற்றி அப்பத்தைக் கொண்டுவந்தார். தலையில் கை வைத்து, சமாதானம் என்று சொல்லி, ஒரு துண்டை வாயில் வைத்தார். பாரிக்குக் கண் திறந்தது. மெதுவாக மென்றார். அந்த முகத்தை நான் இரண்டாவது தடவை கண்டது அப்போதுதான். இனிப் போகட்டும், சந்தோஷமாகப் போகட்டும் என்று அக்காவே சொன்னாள்.

அவர் போகவில்லை. சாயங்காலம் வியர்த்துக் கொட்டியது. மறுநாள் வெங்காயம் போட்டுக் கஞ்சி கேட்டார். வாரக் கடைசியில் எழுந்து நடமாடினார். ஆண்டவருடைய நாள் வந்ததும் குளித்து, துவைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் கெமெல்லுஸின் வீட்டுக்கு நடந்தார். வாசலில் வித்தாலிஸின் தோளைத் தட்டிவிட்டு நேரே உள்ளே போனார். அறைக்குள் கால் வைத்ததும் சபையின் உதவிக்காரர் குறுக்கே கையை நீட்டினார். காயானுஸ் எழுந்து வந்தார்.

சமாதானம் கடைசிப் பயணத்துக்காகக் கொடுத்தது என்றார் காயானுஸ். பயணம் போகாதவர் பழைய இடத்துக்குத்தான் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் விழுந்தவன் ஒவ்வொருவனும் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவான். ஆயரும் தலையாட்டினார். என் வாய்கூட அன்றைக்கு ஏனோ ஒட்டிக்கொண்டது. பாரிக்தான் கேட்டார்.

"நான் சாகாததுக்கு மன்னிப்புக் கேக்கணுங்களா, ஐயா?"

அவர் இதைக் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். யாராவது கேட்கச் சொல்லியிருந்தால் கேட்டும் இருப்பார். திரும்பி நடந்து போய் வித்தாலிஸுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

துறைமுகத்துக்கு இந்தச் செய்தி போகாமல் இருக்குமா? "பாரிக்கு, கொஞ்ச நேரம் செத்துக் காட்டேன், உள்ள விடுவாங்க" என்று மூட்டைக்காரர்கள் கிண்டல் பண்ணினார்கள். முன்பெல்லாம் ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுக்கிறவர். அப்போது சிரித்துவிட்டுக் கூழ் ஊற்றினார்.

அதற்கு அடுத்த கோடையில் பெரிய நோய் வந்தது. வயிறு தண்ணீராகப் போகும், கண் ரத்தமாகச் சிவக்கும், தொண்டை புண்ணாகி எதுவும் இறங்காது. பெற்ற பிள்ளையையே தெருவில் கிடத்திவிட்டு ஓடினார்கள். காயானுஸைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும், அவர் ஓடவில்லை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் கொடுத்தார், பிணங்களைத் தூக்கினார். பாரிக்கும் பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கூழை நீராகக் கரைத்து வடிகட்டி, எங்கள் ஆட்கள், கோயில்காரர்கள், மேட்டுக் கோயிலில் சாம்பிராணித் தட்டை நீட்டின பூசாரி என்று வித்தியாசம் பார்க்காமல் வாயில் ஊற்றினார். ஒரே தெருவில் காயானுஸ் ஒரு வீட்டிலிருந்தும் இவர் அடுத்த வீட்டிலிருந்தும் வெளியே வருவார்கள். காயானுஸ் தலையசைப்பார். இவர், எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்பார். தெருவிலும் அந்த விதியை அவர் விடவில்லை.

நோய் அவரையும் பிடித்தது. படுத்த அன்றே கண் சிவந்துவிட்டது. நான் காயானுஸைத் தேடி ஓடினேன். கிணற்றடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அத்தான் படுத்துட்டாரு, மூப்பரே. சமாதானம் குடுக்க வாங்க" என்றேன்.

"நிச்சயமாத் தெரியுமா?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. எது நிச்சயமா என்று கேட்டேன்.

"போன தடவ பொழச்சுக்கிட்டாரு. சபையில எவ்வளவு பேச்சாச்சுன்னு ஒனக்கே தெரியும். அவருக்குப் பேச்சு நிக்கட்டும் ரோகாத்தா. நின்னதும் சொல்லு, ஓடி வரேன்."

அதற்கு மேல் என் வாய் நிற்கவில்லை.

"ஜெயில்ல கெடந்தப்ப அவரு கையால கூழு குடிச்சீங்களே. நீங்க சாகப்போறது நிச்சயமான்னு பாத்தா ஊத்தினாரு? பேச்சு நின்ன வாயில அப்பத்த எதுக்கு வைக்கிறீங்க, மெல்லவா, அடைக்கவா?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"குடிச்சேன். தெனமும் குடிச்சேன். அந்தக் கூழு வரலேன்னா பசி தாங்காம நானும் மேட்டுக் கோயில் ஏறியிருப்பேன். அது எனக்குத் தெரியும். ஆனா அவரு செஞ்சது சரின்னு ஆயிட்டா, அந்த இருட்டுல நான் எதுக்குக் கெடந்தேன்? சொல்லு, நான் பட்டதெல்லாம் எதுக்கு?"

அவருடைய மணிக்கட்டில் தழும்பு வெளுப்பாகத் தெரிந்தது. அந்த மனுஷனை வெறுக்க வேண்டும் என்றுதான் இருந்தது, முழுசாக வெறுக்கவும் முடியவில்லை. இத்தனை வருஷமும் பாரிக்கை வாசலில் நிறுத்திவைத்தது ஆண்டவரும் அல்ல, ஆயரும் அல்ல, இந்த ஒரு கேள்விதான் என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் வாங்கும் அப்பத்தில் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்து, சிமிழில் வைத்துக்கொண்டு, காலையில் வேறெதுவும் தின்னும் முன் ஒரு துணுக்குத் தின்போம். என் சிமிழிலும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கு இன்னும் நினைவு இருந்தது.

"அத்தான், இது அதே அப்பந்தான். வாயத் தொறங்க. யாருக்கும் தெரியாது" என்றேன்.

தலையை ஆட்டினார். தொண்டை புண், ஒவ்வொரு சொல்லும் அறுத்துக்கொண்டு வந்தது.

"தெரியாமத் திங்கிறதுன்னா... சொவத்தப் பாத்து உக்காந்து நெறையத் தின்னுட்டேன், புள்ள. அவுங்க வந்து குடுக்கட்டும். அவரு வருவாருல்ல?"

வருவார் என்றேன். வேறு என்ன சொல்ல? நான் சிமிழை மூடினேன். அவர் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தெருவில் யாராவது நடந்தால் கண் அந்தப் பக்கம் போகும். ஒரு தடவை அக்காவிடம் தன் உடுப்பைச் சரியாக இழுத்துவிடச் சொன்னார். மத்தியானத்துக்கு மேல் பேச்சு நின்றது. நான் மறுபடியும் ஓடினேன். காயானுஸ் கிணற்றடியில் இல்லை. செம்படவர் குடிசைகளில் தேடிக் கண்டுபிடித்தேன். என்னைக் கண்டதுமே துணிமுடிச்சைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே ஓடிவந்தார், என்னை முந்திக்கொண்டு ஓடினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்கா அத்தானின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள்.

காயானுஸ் நிலைப்படியில் நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. செத்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்றார். அதை எங்களிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை. எங்கள் கல்லறை நிலத்தில் இடம் கொடுக்கச் சொல்லி ஆயரிடம் பேசுகிறேன் என்றார். பேசினார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். ஆயர் ஒத்துக்கொள்ளவில்லை. குயவர் சூளைக்குப் பின்னால்தான் புதைத்தோம், குழி வெட்டினது வித்தாலிஸ். அன்றைக்கு அந்த நிலைப்படியைத் தாண்டிக் காயானுஸ் உள்ளே வரவே இல்லை. அவர் போவதை அக்கா ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

காயானுஸ் தெருமுனை தாண்டியதும் நான் கதவைச் சாத்தினேன். சிமிழைத் திறந்தேன். அத்தானின் தாடைக்கட்டை அவிழ்த்தேன். இருந்த துணுக்கை எடுத்து அவர் உதடுகளுக்கு நடுவில் வைத்தேன். செத்தவர் வாங்கிக்கொள்வாரா? அது அப்படியே உதட்டில் நின்றது. விரலால் உள்ளே தள்ளினேன். பல் இறுகியிருந்தது. இன்னும் தள்ளியிருப்பேன், அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துடுடி. கேட்டப்ப யாரும் குடுக்கல, இப்ப எதுக்கு அவரக் கஷ்டப்படுத்துற" என்றாள்.

எடுத்தேன். கீழே வைக்கக் கூடாத பொருள் அது, ஒரு துணுக்குக்கூடத் தரையில் விழக் கூடாது என்று கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பிணத்தின் உதட்டில் பட்டதைச் சிமிழில் திரும்பப் போடவும் மனம் வரவில்லை. அவர் கைவைத்த சாம்பிராணியால் நான் விழாமல் தப்பினவள், ஒவ்வொரு வாரமும் அவரைத் தாண்டி உள்ளே போனவள், அதைத் தின்ன அந்த வீட்டில் உரிமை உள்ளவள். அவர் தலைமாட்டில் உட்கார்ந்து நானே அதைத் தின்றேன்.